புதுவைக்கு வந்த பரதேசி வித்தியார்த்தி

புதுவை நகரினின்று கடலோரச் சாலை வழியே சென்னைக்குச் செல்வோர், வடக்கே சில மைல் தூரத்தில் பிள்ளைச்சாவடி என்னும் ஊரைக் கடந்து போகிறார்கள். கடலை நோக்கி மீனவர் வீடுகள். சாலையை அடுத்துத் தொழில்நுட்பக் கல்வி நிலையம். அதற்குப் பக்கத்திலேயே காலாப்பட்டில் 1985-ஆம் ஆண்டில் தோன்றிய புதுவைப் பல்கலைக் கழகம். அக்கழகத்தின் நூல்நிலையத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். சாவடி என்பது வழிப்போக்கர் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடமன்றோ? வழிப்போக்கருக்காக ஏற்பட்ட பெயரைத் தாங்கிய ஊரில் இன்று வித்தியார்த்திகள் ஆயிரக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். இதை நினைக்கும்போது, பிள்ளையவர்கள் தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், வழிப்போக்கராகவும் வித்தியார்த்தியாகவும் இக்கரையில் வந்திறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரரின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகிறது. மிளகுக்கும் துணிக்கும் உத்தியோகத்துக்கும் இத்தேசத்துக்கு வந்த ஐரோப்பியர் கணக்கிலர். ஒரு பழைய நூலைப் படிக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கடல் கடந்து வந்தவர் இவர். ஆப்ரஹாம் இயாசெந்த் ஆங்கெத்தில் துப்பெரோன் என்பது அவர் பெயர். உபநிஷத்துக்களை ஐரோப்பாவுக்கு முதன் முதலாகக் கொண்டு சேர்த்தவர் அவர். அதை அவர் ஸம்ஸ்கிருதத்தினின்று செய்யவில்லை, பாரஸீகத்தினின்று செய்தார். அந்தப் பாரஸீகத்தை அவர் பேசவும் வழங்கவும் பயின்ற ஊர் புதுவை.

பாரிஸ் நகரத்தில் 1731-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதம் 7-ஆந் தேதி, வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவரின் ஏழு பிள்ளைகளில் ஒருவராக ஆங்கெத்தில் பிறந்தார். மூத்த சகோதரர் லூயி பியேர் பின்னால் சரித்திராசிரியராகப் பெயர் பெற்றார். நம்மவரைப் பாதிரியாக்குவதென்று ஏற்பாடு. வேதசாஸ்திரம் படிக்கப் பாரிஸிலும், அப்பால் ஒல்லாந்து தேசத்திலும் விடுத்தார்கள். அங்கே அவர் எபிரேய பாஷையைக் கற்றார். அதன் வழியே அரபியையும் பாரஸீகத்தையும் தொட்டார். பாஷைகளில் ருசி கண்டபின் பாதிரிப் பட்டம் கசந்து போயிற்று. பட்டத்தை வேண்டாமென்று பாரிஸுக்குத் திரும்பி, அரசாங்கப் புத்தகசாலையே கதியென்று கிடந்தார்.

1754-ஆம் ஆண்டில் ஒருநாள், பண்டிதர் ஒருவர் அவருக்கு நான்கு ஏடுகளின் பிரதியைக் காட்டினார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு புத்தகசாலையில் பூட்டி வைத்திருந்த ஒரு கிரந்தத்தினின்று எழுதிக்கொண்டு வந்தவை அவை. பார்ஸிகளின் ஆதிகுருவாகிய ஜரதுஷ்டிரரின் வேதம் என்று சொல்லப்பட்டது அக்கிரந்தம். ஐரோப்பா முழுவதிலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் அக்காலத்தில் ஒருவருமில்லர். இருபத்து மூன்று வயது நிரம்பாத அவ்விளைஞர், அந்த எழுத்துக்களைப் பார்த்த மாத்திரத்தில், பார்ஸிகள் வசிக்கும் இந்தியாவுக்கே போய் அவர்கள் குருமார்களிடம் அமர்ந்து அந்நூலைக் கற்று வருவது என்று முடிவு செய்துவிட்டார். நான்கு வேதங்களையும் தேடிக் கொணர்வதென்பதும் அந்த முடிவிலேயே அடங்கியிருந்தது.

முடிவு சுலபம், கப்பற்கூலி எங்கே? சிபாரிசு செய்வாரும் உடனே கிடைக்கவில்லை. காத்திருக்கும் சுபாவம் இவரிடம் இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டிருந்தது. கடனாளிகளும் வேலையற்றவர்களும் சிறைப்பட்டவர்களுமே அதில் பெரும்பாலும் சேர்வார்கள். சோல்ஜராகப் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு பைபிளும் சில புத்தகங்களும் இரண்டு சட்டைகளும் கொண்ட சிறு மூட்டையுடன், 1754 நவம்பர் 7-ஆந் தேதி விடியுமுன் அணிவகுப்பிலே நடந்து பாரிஸை விட்டுப் புறப்பட்டார். துறைமுகம் சேர்வதற்குள் விஷயம் பெரியோர் காதுக்கு எட்டிற்று. பட்டாளத்தினின்று விடுதலையும், கப்பலில் இலவச இடமும், வருஷத்துக்கு 500 லிவர் உதவிச் சம்பளமும் அளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கப்பல் ஏறி, 1755 ஆகஸ்டு 10-ஆந் தேதி புதுவையில் இறங்கினார்.

அவர் கண்ட புதுவையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துப்ளேக்ஸ் முந்தின ஆண்டின் இறுதியில்தான் பதவி இழந்து கப்பலேறியிருந்தார். அவர் வைத்துச் சென்ற ஆடம்பரத்தின் வாசனை ஊரை விட்டு நீங்கவில்லை. 1750 டிஸம்பரில் தக்ஷிண ஸுபேதாராகிய முஜாபர் ஜங் இதே ஊரில் தர்பார் நடத்தினார்; துப்ளேக்ஸ் மொகலாய உடை தரித்து அதில் வீற்றிருந்தார். ஆற்காட்டு நவாபுடன் பேசுவதானாலும், ஹைதராபாத்து நிஜாமுடன் பேசுவதானாலும், கடிதம் பாரஸீகத்தில் வரும். பதில் பாரஸீகத்தில் போகும். கும்பினியின் கச்சேரியில் பிரெஞ்சும், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும், அரசியலில் பாரஸீகமும் வழங்கின. கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்ல முன்ஷி இருப்பார். அதைத் துரைக்கு விளங்க வைக்கத் துபாஷ் இருப்பார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், பாரஸீகக் கடிதம் வந்ததும், அது படிக்கப்பட்டதும், அதற்கு மறுமொழி எழுதப்பட்டதுமே எத்தனையோ பக்கங்களில் காணக் கிடக்கும். இன்றும் தமிழன் தன் வாயில் வழங்கும் தர்பார், திவான், முன்ஷி, குமாஸ்தா, சிப்பாய், தாசில்தார், ஜமீன்தார், பஜார் முதலிய சொற்களெல்லாம் பாரஸீக ராஜாங்கம் நமக்கு விட்டுச் சென்ற ஆஸ்திதான். தமிழ் மண்ணில் பாரஸீகம் ஒரு காலத்தில் வேற்றுச் சரக்கல்ல. படித்தவன் பிழைப்பதற்கு இன்றியமையாத கருவியாயிருந்தது. 1837-ல் கும்பினி அரசாங்கம் நியாயஸ்தலங்களினின்று அதை நீக்கியதும் இரண்டு தலைமுறைக்குள் அது நம்மிடையே மறைந்து போயிற்று. பிழைப்புக்காகக் கற்ற பாஷை பிழைப்புப் போனவுடன் போவது இயல்பு. ஆனால் அதிலிருந்த ஞானமும் உடன் போய்விட்டதே என்ற வருத்தம் நமக்கு உண்டு.

ஒல்லாந்தில் புத்தகத்தைக் கொண்டு கற்ற பாரஸீகத்துக்கும், புதுவையில் மனிதர் வாயில் கேட்ட பாரஸீகத்துக்கும் உள்ள தூரத்தை ஆங்கெத்தில் வந்த சில நாட்களிலேயே உணர்ந்தார். ஊரிலிருந்த பிரெஞ்சுக்காரர்களின் விருந்துகளும் சீட்டாட்டமும் வம்பும் அவருக்கு ரசிக்கவில்லை. பாரஸீகம் ஒன்றையே பிடித்துக்கொண்டார். இதன் காரணத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். பார்ஸிகளின் வேதபாஷை அவர்களுக்கே மறந்து போனதொன்று. அதன் பொருளை அவர்கள் குருமார் நவீன பாரஸீகத்தில் சொல்லித்தான் பிறருக்கு விளக்க முடியும். ஆகையால் பாரஸீகம் என்னும் திறவுகோலில்லாமல் ஸூரத்துக்குப் போய்ப் பயனில்லை. அத்திறவுகோல் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அவர் கைக்கு வந்தது. தமிழ் நூல்களில் அவர் மனம் செல்லவில்லை என்பது நமக்கு ஒரு குறையாகவே தோன்றுகிறது. திருக்குறள் வழங்கும் நாட்டின் வாயிற்படியில் நின்றுகொண்டு வடக்கையே நோக்கிக் கொண்டிருந்தார். ஆயினும் ஒரே ஆயுளில் ஒருவர் எத்தனை கதவுகளைத்தான் திறக்க முடியும்?

1756-ல் அவர் வங்காளத்திலுள்ள சந்திரநாகூருக்குச் சென்றார். அங்கிருந்து காசிக்குப் போய் ஸம்ஸ்கிருதம் கற்பது அவர் எண்ணம். கடும் நோய் குறுக்கிட்டது. நோய் தீருமுன் யுத்தம் வந்தது. 1757 மார்ச்சு மாதத்தில் கிளைவும் வாட்ஸனும் சந்திரநாகூரைப் பிடித்தார்கள். காசி கனவாயிற்று. கையில் பணமில்லை, கப்பலில் இடமில்லை. காசீம்பஜார் வழியாகத் திரும்பி, ஒரிஸ்ஸாக் கடற்கரையைப் பற்றிக்கொண்டு, ஆயிரம் மைலுக்குக் குறையாத வழியை ஆறும் காடும் கள்வரும் கடந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் புதுவை வந்து சேர்ந்தார். சாவடிகளின் அருமையை இவரைப் போல் அறிந்த ஐரோப்பியர் அந்நாளில் மிகச் சிலரே இருந்திருப்பர். பல்லக்கில் போகிற துரைக்குத் தேசம் திரைக்கப்பால் நிற்கும். நடந்து போகிறவனோடு அது பேசும். பின்னால் இந்திய ஜனங்களைப் பற்றி இவர் எழுதிய எழுத்தில் மற்றவர்களிடம் காணாத ஒரு நேர்மை தோன்றுவதற்கு இந்த நடையே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

புதுவையில் அவருடைய தம்பி ஒருவர் பிரான்ஸினின்று வந்து காத்திருந்தார். இருவரும் கப்பலில் மேற்குக் கரைக்குப் புறப்பட்டார்கள். ஆங்கெத்திலோ மாஹியில் இறங்கிக் கொண்டு, மலையாளம், கோவா, அவுரங்காபாத், எல்லோரா என்று தரைவழியே சுற்றிக்கொண்டு 1758-ஆம் ஆண்டு வஸந்த காலத்தில் ஸூரத்தை அடைந்தார். வழியில் எல்லோராக் குகைகளை நின்று பார்த்து அளவெடுத்துக் குறித்துக் கொண்டார்.

ஸூரத்தில் தஸ்தூர் தாராப் என்ற பார்ஸி குரு அவருக்கு ஆசிரியரானார். முதலில் தஸ்தூர் அவரை நம்பவில்லை, நம்பாதது நியாயமே. கும்பினிக்காரர் கூட்டத்தினின்று வந்த ஒருவன் எங்கள் வேதத்தைக் கேட்கிறானே, இவனுக்கு என்ன உள்நோக்கமோ என்று யார்தான் ஐயுறார்? வேதத்தின் பிரதி என்று அவர் கொடுத்தது சிதைந்த பாடம். பரதேசிக்கு என்ன தெரியப் போகிறது என்று எண்ணியிருக்கலாம். ஊரில் பார்ஸிகள் அப்போது பஞ்சாங்க விஷயமாக இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். எதிர்க்கட்சியாரிடமிருந்து ஒல்லாந்தர் மூலமாக வேறொரு பிரதியை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசங்களை ஒவ்வொன்றாகத் தஸ்தூருக்குக் காட்டினார் சிஷ்யர். தஸ்தூர் திகைத்தார். அதன்பின் மறைக்கவில்லை. கிரந்தத்தின் ஒவ்வொரு சொல்லையும் குரு பாரஸீகத்தில் சொல்ல, சிஷ்யர் எழுதிக்கொள்ள, இப்படி மாதக்கணக்கில் பாடம் நடந்தது.

இவரை மகாத்மா என்று நாம் சொல்ல வரவில்லை. கர்வமும் கோபமும் மிகுந்தவர். 1759-ல் ஸூரத்திலேயே தம் நாட்டாரொருவரோடு வாட்சண்டையில் இறங்கி அவரைக் கொன்றார், தாமும் காயமடைந்தார். பிறகு உயிருக்கஞ்சி, தாம் வெறுத்த இங்கிலீஷ்காரரிடமே அடைக்கலம் புகவேண்டி வந்தது. இவற்றையெல்லாம் அவரே தம் பிரயாண சரித்திரத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

1761-ல் ஸூரத்தை விட்டார். அவ்வாண்டு ஜனவரி 16-ஆந் தேதி புதுவை இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. அதற்கு நான்கு நாள் முன்னர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடினார். ஆங்கெத்தில் பாரஸீகம் பயின்ற ஊர் கற்குவியலாய்க் கிடக்க, அவர் சேர்த்த கிரந்தங்கள் இங்கிலீஷ்க் கப்பலில் ஐரோப்பா போயின. இங்கிலாந்தில் இறங்கியதும் யுத்தக் கைதியாக நிறுத்தி வைத்தார்கள். விடுதலையானவுடன் பசித்தவன் சோற்றுக்கு ஓடுவதுபோல ஆக்ஸ்போர்டுக்கு ஓடினார். எட்டு ஆண்டுகளுக்குமுன் நான்கு ஏடுகளின் நிழலைப் பார்த்தவர், இப்போது மூலக் கிரந்தத்தைத் தம் பிரதியுடன் ஒப்பிட்டுத் திருப்தியடைந்தார். 1762 மார்ச்சில் பாரிஸ் சேர்ந்து, 180 கையெழுத்துக் கிரந்தங்களை அரசாங்கப் புத்தகசாலையில் ஒப்படைத்தார். ஒன்றைக்கூட விலைக்கு விற்றாரில்லை. கிழக்கே போன ஐரோப்பியர் ஒவ்வொருவரும் ரத்தினமும் ரூபாயுமாகத் திரும்பிய காலம் அது.

பாடம் செய்த நூலை அச்சிட மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1771-ல் ஜெந்த் அவஸ்தா மூன்று பாகங்களாக வெளிவந்தது. வந்ததும் வசை பொழிந்தது. பிரெஞ்சு ஞானிகள் ஜரதுஷ்டிரரிடமிருந்து தர்க்க சாஸ்திரத்தையோ ராஜநீதியையோ எதிர்பார்த்திருந்தார்கள். கையில் கிடைத்ததோ பூஜை மந்திரங்களும், தீட்டுச் சுத்தி விதிகளும். ஏமாற்றம் கோபமாக மாறிற்று. எல்லாரிலும் காரமாக எழுதியவர் இருபத்தைந்து வயதான வில்லியம் ஜோன்ஸ். அதே ஆண்டில் பாரஸீக இலக்கணமொன்றை வெளியிட்டுப் புகழ் பெற்றிருந்தவர் அவர். ஆங்கெத்தில் தம் முன்னுரையில் ஆக்ஸ்போர்டுப் பண்டிதர்களை இளக்காரமாகப் பேசியிருந்தார். அந்த ரோஷத்தில் ஜோன்ஸ் பிரெஞ்சு பாஷையிலேயே ஒரு கண்டனப் பத்திரிகை எழுதி, இந்நூல் ஜரதுஷ்டிரருடையதாக இருக்கவே முடியாதென்றும், நூல் கொணர்ந்தவர் ஏமாந்த பேர்வழியென்றும் பரிஹசித்தார். படித்த உலகம் சிரித்தது. ஆங்கெத்தில் பதில் எழுதாமல் தம் வேலையைப் பார்த்தார்.

இந்த வழக்கின் தீர்ப்பு மெதுவாக வந்தது. அவர் வெளியிட்ட பஹ்லவிச் சொற்கோவையைத் துணைக்கொண்டு சில்வெஸ்தர் துசாசி என்பவர் 1787 முதற்கொண்டு பழைய பாரஸீக அரசர்களின் கல்வெட்டுக்களை வாசித்துக் காட்டினார். டென்மார்க்கு தேசத்து ராஸ்க் என்ற அறிஞர் இந்தியாவுக்கே வந்து ஆராய்ந்து, 1826-ல் அவஸ்தாவின் பாஷை உண்மையானது, ஸம்ஸ்கிருதத்துக்கு உடன்பிறப்பு என்று நிலைநாட்டினார். பிறகு யூஜேன் பூர்னூப், ஆங்கெத்தில் ஒப்படைத்த அதே கிரந்தங்களிலிருந்த ஸம்ஸ்கிருத மொழிபெயர்ப்பைக் கொண்டு, 1833 முதல் பொருளைத் திருத்திக் கண்டார். ஆங்கெத்திலின் மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்தன என்பது அப்போது தெரிந்தது. தஸ்தூருக்கே பரம்பரையில் மங்கிப் போயிருந்த பொருள், பாரஸீகத்தில் ஒருமுறை சுருங்கி, பிரெஞ்சில் மற்றொருமுறை திரிந்து போயிருந்தது. பிழைகள் உண்மை, நூலும் உண்மை. ஜோன்ஸோ பின்னர் 1783-ல் கல்கத்தா வந்து, 1784-ல் ஆசியச் சங்கத்தை நிறுவி, ஸம்ஸ்கிருதத்தின் பெருமையை உலகறியச் செய்தார். இருவர் தொண்டையும் நாம் போற்றுகிறோம். ஆனால் ஜோன்ஸ் நீதிபதியாகச் சம்பளத்துடன் வந்தார். மற்றவர் சோல்ஜராகப் பெயர் கொடுத்து வந்தார் என்பதையும் நினைக்கவேண்டும்.

1778-ல் அவர் வெளியிட்ட ஒரு நூல் நம் தேசத்தாருக்கு நெருங்கிய ஸம்பந்தமுடையது. கீழ்த்திசை நாடுகளின் சட்டமுறை என்பது அதன் பொருள். இந்துஸ்தானத்து ஜனங்களுக்கே அதை அவர் ஸமர்ப்பணம் செய்தார். மாண்டெஸ்க்யூ என்ற பேராசிரியர் 1748-ல் எழுதிய நூலில், கீழ்நாட்டு அரசு யாவும் வெறும் கொடுங்கோன்மை, அங்கே சட்டமுமில்லை, ஜனங்களுக்குச் சொத்துமில்லை என்று முடிவு கட்டியிருந்தார். அவருக்கு ஆதாரமாயிருந்தவர்களில் ஒருவர், அவுரங்கஜீப் காலத்தில் டில்லியில் வாழ்ந்த பெர்னியே என்ற பிரெஞ்சு வைத்தியர். மொகலாயச் சக்கரவர்த்தியே நாட்டின் நிலமனைத்துக்கும் சொந்தக்காரர் என்று எழுதிவிட்டுப் போனவர் அவர். இக்கொள்கை கேட்பதற்கு ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றும். அதன் விளைவோ கறிக்கு உதவாத விளைவன்று. ராஜாவே எல்லா நிலத்துக்கும் உடையவரென்றால், அந்த ராஜாவின் ஸ்தானத்தைப் பிடித்த கும்பினியும் எல்லா நிலத்துக்கும் உடையதாகிறதல்லவா? உழுகிறவனுக்குச் சொந்தமென்று ஒரு சாண் பூமியும் இல்லையென்றால், அவனிடம் எதைப் பிடுங்கினாலும் அநியாயமாகாதல்லவா?

ஆங்கெத்தில் இதை அடிவேரோடு மறுத்தார். துருக்கி, பாரஸீகம், இந்துஸ்தானம் மூன்றிலும் அரசனையும் குடிகளையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் எழுதிய சட்டங்கள் உண்டென்றும், ஸ்தாவர ஜங்கமச் சொத்துக்கள் குடிகளுக்குச் சொந்தமாகவே இருந்துவருகின்றன என்றும், தாம் கண்டவற்றையும் பிற யாத்திரிகர் எழுதியவற்றையும் அடுக்கி நிரூபித்தார். கொடுங்கோல் அரசன் ஒருவன் செய்த அக்கிரமத்தை ஒரு நாட்டின் தர்மமென்று எழுதுவது அறியாமை. அந்த அறியாமையை ஆள்வோர் தமக்கு வசதியாகப் பயன்படுத்துவது அதனினும் தீது என்பது அவர் கக்ஷி. அவர் பிரெஞ்சு அபிமானி. இங்கிலீஷ்காரரைத் தாக்க வாய்த்த ஆயுதமாகவும் இது அவருக்குப் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. 1798-ல் எழுதிய மற்றொரு நூலில் அந்த நோக்கம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆனாலும், இந்தியாவில் சொத்துரிமையும் சட்டமும் இருந்தன என்று ஐரோப்பியரொருவர் 1778-லேயே ஆணித்தரமாக வாதாடினார் என்பதை நம்மவர் அநேகர் கேள்விப்பட்டதேயில்லை.

இனி அவர் வாழ்வின் பெரிய காரியத்துக்கு வருவோம். காசிக்குப் போய் வேதம் கற்கக் கொடுத்து வைக்காதவர் வீட்டுக்கு, 1775-ஆம் ஆண்டின் இறுதியில் வேதாந்தமே ஒரு பொட்டணமாக வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ழாந்தீ. அயோத்தி நவாபாகிய ஷுஜா உத்தௌலாவின் ஸமஸ்தானத்தில் பைஜாபாத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர். புதுவையில் சுக்கிரனைப் பார்க்க வந்த வானசாஸ்திரி லெ ழாந்தீ வேறொருவர். பொட்டணத்திலிருந்தது பாரஸீகக் கையெழுத்து நூல். ஐம்பது உபநிஷத்துக்களின் மொழிபெயர்ப்பு. ஸிர்ரே அக்பர், அதாவது மகாரகசியம், என்று அதற்குப் பெயர். மொழிபெயர்ப்பித்தவர் ஷாஜஹான் சக்கரவர்த்தியின் மூத்த குமாரர் தாரா ஷுகோ.

தாராவின் கதையை இங்கே நிறுத்திச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிம்மாசனத்துக்குப் பிறந்தவர், மனமோ ஸூபிகளின் குடிசையில் கிடந்தது. லாகூர் மியான் மீரின் பரம்பரையில் வந்த முல்லா ஷாவை குருவாகக் கொண்டு, பகதாத்து அப்துல் காதிர் ஜீலானி ஸ்தாபித்த காதிரி மார்க்கத்தில் தீக்ஷை பெற்றார். நாகூரில் கொடியேறும் ஆண்டவரும், முகியித்தீன் மீது மனமுருகிப் பாடிய குணங்குடி மஸ்தான் ஸாஹிபும் அதே பரம்பரைத் தொடர்பினர் என்று சொன்னால், தமிழர்க்கு இது அந்நியமான விஷயமன்று என்பது விளங்கும். தாயுமானவரையும் மஸ்தானையும் ஒரே மூச்சில் பாடும் தமிழ்நாட்டில், உள்ளொளியைத் தேடுகிறவனுக்கு மார்க்க பேதம் ஒரு பொருட்டன்று என்ற கொள்கைக்கு விளக்கம் வேண்டியதில்லை. தாரா அதை ஆராய்ச்சியாகவே செய்தார். ஹிந்து ஞானிகளின் பரிபாஷையையும் ஸூபிகளின் பரிபாஷையையும் எதிரெதிரே நிறுத்தி, இரு ஸமுத்திரங்களின் ஸங்கமம் என்ற நூலை 1655-ல் எழுதினார். ஆத்மாவை ரூஹ் என்றும், மாயையை, படைப்புக்கு மூலமான காதல் என்னும் பொருள்பட, இஷ்க் என்றும் பொருத்திக் காட்டினார். இந்தப் பொருத்தங்களில் சில நம் பண்டிதர்க்கு ஒவ்வா, மௌல்விகளுக்கும் ஒவ்வா. ஆனால் பொருத்தம் தேடிய சிரத்தையை யார் குறை சொல்ல முடியும்?

பிறகு காசியினின்று பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் டில்லிக்கு வரவழைத்து உபநிஷத்துக்களைப் பாரஸீகத்தில் ஆக்கினார். 1657-ல் நூல் முடிந்தது. குர்ஆனில் மறைவாகச் சுட்டப்படும் பழைய திருநூல் இதுவே என்பது அவருடைய துணிபு. அவ்வாண்டிலேயே தந்தை நோயுற்றார். தம்பிகள் படை திரட்டினார்கள். 1658-ல் ஸமூகட் யுத்தகளத்தில் தாரா தோற்றார். 1659-ல் பிடிபட்டு, அழுக்கு யானைமீது டில்லி வீதியில் ஊர்வலம் விடப்பட்டு, மதத்துரோகி என்ற தீர்ப்பின்மேல் கொல்லப்பட்டார். அந்த ஊர்வலத்தை வீதியில் நின்று கண்ணாரக் கண்டு எழுதி வைத்தவர், முன் நாம் சொன்ன பெர்னியேதான். பெர்னியே கொண்டுபோன தவறான கொள்கையை மறுத்தவர் கையிலேயே, பெர்னியே பார்க்க மடிந்தவரின் நூல் வந்து சேர்ந்தது.

ஆங்கெத்தில் இன்னொரு பிரதியையும் தேடிப் பெற்று, இரண்டையும் ஒப்பிட்டு, முதலில் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அது 1787-ல் முடிந்தது. அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. சொல்லுக்குச் சொல், வரிசை மாறாமல் பெயர்க்க லத்தீனே தகுந்ததென்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே ராஜ்யப் புரட்சி. ராஜாவின் தலை உருண்டது. அவருடைய கல்விச் சங்கமும் கலைந்தது. உள்ளே கிழவர் பிரம்மம், ஆத்மா, பிரணவம் என்று லத்தீனில் எழுதிக் கொண்டிருந்தார். 1801, 1802 ஆண்டுகளில் ஸ்திராஸ்பூர்க்கில் ஊப்னெகத் என்ற பெயருடன் இரண்டு பாகங்களும் வெளிவந்தன. உபநிஷத் என்பதே இப்படி உருமாறியது. வடநாட்டார் ஷகாரத்தைக் ககாரமாக ஒலிப்பார்கள். பாரஸீக எழுத்தில் குற்றுயிர்களுக்கு வடிவமில்லை. இரண்டும் சேர்ந்து செய்த வேலை இது. நூல் முழுவதிலும் ரிஷிகளின் பெயர்கள் இவ்வாறே அடையாளம் தெரியாத வேஷத்தில் உலவுகின்றன. சங்கரரின் பாஷ்யமும் மூலத்தோடு கலந்திருக்கிறது. ஸூபிகளின் வாசனையும் ஆங்காங்கே வீசுகிறது. நடையோ கரடுமுரடு. படித்தவர் சிலர்; விளங்கிக்கொண்டவர் அதிலும் சிலர்.

ஆனால் அச்சிலரில் ஒருவர் ஜெர்மனியிலிருந்த ஷோபன்ஹவர். 1814-ல் வைமார் நகரத்துப் புத்தகசாலையினின்று இரவல் வாங்கிப் படித்த அவ்விளைஞர், பின்னர் ஆயுள் முழுவதும் அதைப் பிரியவில்லை. வாழ்விலும் சாவிலும் தமக்கு ஆறுதல் அந்நூலே என்னும் கருத்தை அவர் எழுதியதும், அதை நம் மேடைகளில் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னதும் யாவரும் அறிந்ததே. மேடைகளில் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. ஷோபன்ஹவர் படித்தது நம் ஸம்ஸ்கிருத மூலத்தையன்று. காசிப் பண்டிதர் சொல்ல, மொகலாய ராஜகுமாரர் பாரஸீகத்தில் எழுதுவிக்க, புதுவையில் பாரஸீகம் தேர்ந்த பிரெஞ்சுக்காரர் லத்தீனில் பெயர்த்த நூலை. உபநிஷத்தின் கீர்த்தியில் பங்கு கேட்க முஸ்லிம் ஸூபிகளுக்கும் உரிமையுண்டு. ராம்மோகன் ராய் உபநிஷத்துக்களை இங்கிலீஷில் வெளியிடத் தொடங்கியது 1816-ல்தான். அவரும் ஏகதெய்வ வாதத்தைப் பற்றித் தம் முதல் நூலைப் பாரஸீகத்தில் எழுதியவரே.

கடைசி ஆண்டுகளில் ஆங்கெத்தில் பாரிஸில் ஒரு சந்நியாசியாகவே வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. உதவிச் சம்பளம் வந்தபோது வேண்டாமென்று திருப்பினார். 1804-ல் நெப்போலியன் சக்கரவர்த்தியானபோது, கல்விச் சங்கத்தார் அனைவரும் விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் செய்தார்கள். இவர் செய்ய மறுத்து அங்கத்தினர் பதவியை விட்டுவிட்டார். 1805 ஜனவரி 17-ஆந் தேதி இறந்தார். அவர் ஒப்படைத்த கிரந்தங்கள் பாரிஸ் தேசிய நூல்நிலையத்தில் இருக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் கைப்பிரதியும் அதே நூல்நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊப்னெகத்தின் முகப்பில், இந்தியாவின் பிராமணர்களுக்கு என்று விலாசமிட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தாம் எவ்வாறு வாழ்கிறார் என்பதை அதில் விவரிக்கிறார். தினம் ரொட்டியும் சிறிது பாலோ பாலாடைக் கட்டியோ. குடிக்கக் கிணற்று நீர். செலவு ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாரியில் குளிர்காய நெருப்பில்லை, மெத்தைக்கு விரிப்பில்லை. மனைவி மக்களில்லை, கடனுமில்லை. ஆசைகளை அடக்கி மரணத்தை எதிர்நோக்கியிருக்கிறேன் என்று தம்மைப் போன்ற விரதிகளுக்குத் தெரிவித்துக் கொள்கிறார். கடிதம் முழுவதும் லத்தீன். விலாசதாரர்களில் அந்த பாஷையைப் படிக்கத் தெரிந்தவர் அன்று எவரிருந்திருப்பார்? பாரஸீகத்தில் எழுதியிருந்தாலாவது காசியிலும் டில்லியிலும் ஆற்காட்டிலும் நூற்றுக்கணக்கானோர் படித்திருப்பார்கள்.